வீசம்

புர்க்டோர்ப் பழைய சாமான் கடையில்
பனிச்சறுக்குச் சப்பாத்துகளுக்கும்
ஒற்றைக் காதுக் கோப்பைகளுக்கும் நடுவே
ஒரு பெட்டி நிறையப் பிளாஷ்கள்.
கமராவோடு பேசத் தெரியாதவை,
தூரம் அளக்கத் தெரியாதவை.
சொன்ன அளவுக்கு மின்னிவிட்டு
வாய்மூடி இருக்க மட்டும் தெரியும்.
ஒன்று பன்னிரண்டு பிராங்.

வேலை செய்யுமோ தெரியாது,
திருப்பி எடுக்க மாட்டோம் என்றாள் கல்லாவில் இருந்தவள்.
கைப்பையில் கொண்டுபோன நாலு பற்றரியை
அங்கேயே போட்டேன்.
முதலில் ஒன்றுமில்லை.
பிறகு நுளம்பு மாதிரி ஒரு கீச்சொலி
ஏறி, ஏறி,
காதுக்கு எட்டாத இடத்துக்குப் போனபோது
ஆரஞ்சுப் பொட்டு எரிந்தது.

மூன்று வாங்கினேன்.
ஒன்றின் பற்றரி வாயில் பச்சை பூத்திருந்தது.
வினாகிரி தொட்ட பஞ்சால் துடைத்தேன்,
இரவு பதினொன்றுக்கு
அதுவும் கண் திறந்தது.

முதுகில் அளவுகள்:
ஒன்று, ஒன்றின்கீழ் இரண்டு, நான்கு, எட்டு, பதினாறு.
முழு, அரை, கால், அரைக்கால், வீசம் என்று
வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தேன்.
வீசத்தை அதற்கு முன்
நான் எதற்கும் பயன்படுத்தியதில்லை.

மாதிரிக்கு ஆளில்லை.
ஆஸ்பத்திரிச் சமையலறையில் மிஞ்சிய பூசணிக்காயை
நாற்காலியில் இருத்தினேன்.
கமராவின் சொந்த மின்னலில் அது
பொலிஸ் எடுத்த படம் போலிருந்தது.
பழைய பிளாஷை இடப்பக்கம் ஒரு முழம் தள்ளி
உடுப்புக் காயப்போடும் கம்பியில் கட்டியதும்
பூசணிக்காய்க்குக் கன்னம் வந்தது,
வயது வந்தது,
எனக்குச் சொல்லாமல் வைத்திருந்த
ஏதோவொன்றும் வந்தது.

லாங்கென்தால் மண்டபம். துளசிகாவின் கல்யாணம்.
ஒன்றை ஒலிபெருக்கிக்குப் பின்னால்,
ஒன்றைத் தூணோடு கட்டிய வாழைமரத்தில்,
ஒன்றை யன்னல் விளிம்பில்
ஒட்டுநாடா போட்டு நிறுத்தினேன்.
முகத்துக்கு வெள்ளைக் கடதாசி.
பெரிய மண்டபம், மூன்றும் முழு.
கமராவில் வீசம், சும்மா சைகைக்கு.
எங்கு மின்னினாலும் கூடவே மின்ன
ஒவ்வொன்றின் காலிலும்
எட்டு பிராங் ஒளிக்கண்.

எங்கு மின்னினாலும்.
அதை நான் யோசிக்கவில்லை.

மாப்பிள்ளையின் தம்பி மேசைக்கு ஒன்றாக
எறிந்துவிடும் கடதாசிக் கமரா வைத்திருந்தான்,
பிலிமோடு, சின்ன வெளிச்சத்தோடு.
ஏழாம் மேசையில் மிதுஷா, ஆறு வயது,
கேக்கை எடுத்தாள், மேசைக்கடியில் செருப்பை எடுத்தாள்,
தன் மூக்கை எடுத்தாள்.
அவள் அமத்த அமத்த
என் மூன்றும் மண்டபம் முழுக்க
ஓமோம் என்றன.

கெட்டிமேளம்.
நான் அமத்தினேன்.
ஆரஞ்சுப் பொட்டுகள் எரியவில்லை.
பற்றரிகள் எங்கோ நுளம்பாய் ஏறிக்கொண்டிருந்தன.
என் படத்தில்
இருட்டும், இருட்டுக்குள் ஒரு முடிச்சும்.
வீடியோக்காரர் குகதாசன்
என்னைப் பார்க்காதது போல் பார்த்தார்.

மூன்று கிழமை கழித்துப் பிலிம்கள் கழுவி வந்தன.
பெண்ணின் தாய் யோகராணி அக்கா
தண்ணீர்ப் போத்தல் பெட்டியில் இருக்கிறார்,
காலணி கழற்றி,
பாதி கடித்த பயத்தம் பணியாரத்தோடு.
யாரும் பார்க்கவில்லை என்ற முகம்.
இடப்பக்கத்திலிருந்து வெளிச்சம்
மூக்குத்தியில் தொட்டு,
கழுத்து மடிப்பில் இறங்கி,
பணியாரத்தின் கரையில் நிற்கிறது.
கடதாசி வழியே வந்த மென்மை.
எனக்குத் தெரியாதா?

"பெரிசாக்கி மாட்டப் போறம்" என்றார்கள்.
"ஆறு வயசுப் பிள்ளை எடுத்தது, பாருங்கோ."

பார்த்தேன்.
வெளிச்சம் முழுதும் என்னுடையது.
படத்தில் எனக்கு வீசமும் இல்லை.
தாலிப் படத்துக்காக இருநூறு பிராங் குறைத்தார்கள்,
நியாயம்தான்.

ரேடியோ வாங்கிப் பூட்டு,
உன் கைக்கு மட்டும் மின்னும் என்கிறார் குகதாசன்.
விலை விசாரித்து வைத்திருக்கிறேன்.
இன்னும் வாங்கவில்லை.