பணி விவரம்

மனிதவளப் பிரிவு கேட்கிறது:
உங்கள் பணியை இருநூறு எழுத்துகளில் விவரிக்கவும்.
இடைவெளியும் எழுத்தாகக் கணக்கிடப்படும்.

மாணவர் ஆதரவு நிர்வாகி, இரண்டாம் நிலை.
ஜூரோங் வெஸ்ட், ஆசிரியர் பயிற்சிக் கழகம்,
மூன்றாம் மாடியில்
அச்சு இயந்திரத்துக்கும் கழிவறைக்கும் நடுவே
ஒரு மேசை, எனக்கொரு நாற்காலி,
வந்து உட்காருபவருக்கு இன்னொன்று.
டிஷ்யூப் பெட்டி என் சொந்தச் செலவு.

'உதவித்தொகைப் படிவங்களைச் சரிபார்த்தல்.'
ஆமாம்.
ஹமிசா பிந்தே ஜுரைமி முதன்முதலாக வந்த அன்று
இனம் என்ற கட்டத்தின் மேல் அவள் பேனா நின்றுவிட்டது.
சீனர், மலாய், இந்தியர், மற்றவர்.
"அப்பா சூடோங் தீவுல பிறந்தவர், மேடம்.
நாங்க ஓராங் லாவுட். கடல் ஆளுங்க."
சூடோங்கில் இப்போது குண்டுப் பயிற்சி.
யாரும் இறங்க முடியாது.
மணி ஐந்தே முக்கால், எனக்கு 199ஐப் பிடிக்க வேண்டும்.
மலாய்னு போடும்மா, கணினி அதைத்தான் ஏத்துக்கும் என்றேன்.
போட்டாள்.
இதை எந்தத் தலைப்பின்கீழ் எழுத?

'வருகைப் பதிவைக் கண்காணித்தல்.'
ஒரு வாரம் செவ்வாய், ஒரு வாரம் வியாழன்,
அப்புறம் இரண்டு வாரம் ஒழுங்காக வருகிறாள்,
மறுபடி காணோம்.
ஒரு முறையே இல்லை என்றார் விரிவுரையாளர்.
எச்சரிக்கைக் கடிதம் கேட்டார்,
தட்டச்சும் செய்துவிட்டேன்.
தேதி சரிபார்க்க நிமிர்ந்தபோது
தேக்கா மளிகைக் கடை கொடுத்த நாள்காட்டி
சுவரில் கறுப்பும் வெள்ளையுமாய் வட்டம் காட்டியது:
அமாவாசையை ஒட்டி மூன்று, பௌர்ணமியை ஒட்டி நான்கு.
மாதம் தவறாமல் விரதமிருக்கும் எனக்கு
இது தெரிய ஏழு நாள் விடுப்பு ஆகியிருக்கிறது.

கடல் நன்றாக வற்றும் நாள்கள் அவை.
அப்பாவுக்கு முட்டி தேய்ந்துவிட்டது,
படகைத் தனியாகத் தள்ள மாட்டார்.
மதியக் குழுவில் ஓர் இடம் காலியாக இருந்தது.
முதல் வாரத்திலிருந்தே இருந்தது.
யாரும் கேட்கவில்லை. நானும்.

'பள்ளிப் பயிற்சியின்போது தொடர்பில் இருத்தல்.'
தொடக்கநிலை நான்கு, சமூகக் கல்வி.
திரையில்: அப்போது இது ஒரு சிறிய மீனவக் கிராமம்.
பின் வரிசைப் பையன் கை தூக்கினானாம்:
"அந்த மீனவங்க இப்போ எங்கே, டீச்சர்?"

மேற்பார்வையாளர் அறிக்கையை
என் மேசையில் விரித்து இருவரும் படித்தோம்.
'தேவையற்ற மௌனம். பதினொரு விநாடி.
பாட வேகம் குறைவு.'
அவ்வளவு நேரமும் கடிகாரத்தைப் பார்த்திருக்கிறார்.
அப்புறம் என்னதான் சொன்னே என்றேன்.
"புக்கிட் மேராவுல, ஒன்பதாவது மாடியிலன்னு சொன்னேன்."
வகுப்பு சிரித்ததாம். அவளும்.
அந்தச் சிரிப்பு அறிக்கையில் இல்லை.

மறுமதிப்பீடு வேண்டும் என்று எழுதினேன்.
'கவனத்தில் கொள்ளப்பட்டது.'
இன்னொரு தடவை எழுதினேன், சற்றுக் கடுமையாக.
இன்றைக்குப் பத்தொன்பதாம் நாள்.
இனக் கட்டத்தைத் திருத்தவும் ஒரு மின்னஞ்சல் போட்டேன்.
அதற்குப் பதில் உடனே வந்துவிட்டது:
அப்படியொரு தெரிவு இல்லை.

நேற்று நான் இல்லாத நேரத்தில் வந்து
அலுவலகக் குளிர்பெட்டியில் ஒரு பை வைத்துப் போயிருக்கிறாள்,
ஈரம் காயாத கோங்கோங் சிப்பிகள், ஒரு கிலோ இருக்கும்.
காலையில் டோரதி மஞ்சள் தாளில் எழுதி ஒட்டியிருந்தாள்:
யாருடையது இந்த நாற்றம்? மதியத்துக்குள் வீசப்படும்.

படிவம் இன்னும் திறந்தே கிடக்கிறது,
கீழே துடிக்கிறது மீதம்: அறுபத்து மூன்று எழுத்துகள்.
எழுந்து போய்
டோரதியின் தாளுக்குக் கீழே, பையின் மேல்
என் பெயரைப் பெரிதாக எழுதி ஒட்டினேன்.
நான் சைவம் என்பது
இந்த மாடியில் எல்லோருக்கும் தெரியும்.