அறுபத்திரண்டாம் பக்கம்

மொத்தம் பதினேழு நாவல்கள்.
ஜூன் மழையில் ஓரம் நனைந்து
இரண்டு அட்டைப்பெட்டிகளில் செம்பூர் வந்து சேர்ந்தன.
ஒன்றில் செவ்வாயில் பஞ்சாயத்துத் தேர்தல்.
ஒன்றில் இறந்தவர்கள் வரிசையில் நின்று வரி கட்டுகிறார்கள்.
ஐந்தில் சோழர்கள் விண்கலம் ஓட்டினார்கள்.
ஐந்திலும் புலிக்கொடி
காற்றே இல்லாத இடத்தில் படபடத்தது.

அட்டைகளைக் கிழித்துவிட்டு
ஆசிரியர் பெயர்மேல் வெள்ளைத்தாள் ஒட்டியிருந்தார்கள்.
டியூப்லைட்டுக்கு நேராகப் பிடித்தால் தெரியும்.
பிடித்தேன்.
ஒன்றுகூடத் தெரிந்த பெயர் இல்லை.
என் நேர்மை இப்படித்தான் காப்பாற்றப்பட்டது.

நான் துறைமுகத்தில் கணக்கெழுதுகிறவள்.
ஹார்பர் லைன் லோக்கலில்
ஒரு கையால் கம்பியைப் பிடித்து
மறுகைக் கட்டைவிரலால் பக்கம் தள்ளி
ஆறு வாரம் இந்தப் பிரபஞ்சங்களைக் கடந்தேன்.
மாலை வண்டியில் மடியில் பேப்பர் விரித்து
கொத்தவரங்காய் ஆய்ந்துகொண்டிருந்தவள்
பரீட்சையா என்று மராத்தியில் கேட்டாள்.
ஆமாம் என்றேன்.
யாருக்கு என்று சொல்லவில்லை.

மாதுங்காவில் ஒரு மாடியறை. போண்டா, காபி. மூன்று நடுவர்கள்.
இருதயராஜ் சாருக்கு அறிவியல் பிசகக் கூடாது,
நிலவில் ஒருவன் பீடி பற்றவைத்தால்
அந்தப் பக்கத்தோடு ஆள் அவுட்.
தில்லைவாணிக்கு மொழி வேண்டும்,
எந்திரமே பேசினாலும் அதில் ஈரம் வேண்டும்.
எனக்கு என்ன வேண்டும் என்பது
அன்று மூன்றரை மணிவரை எனக்கே தெரியாது.

நான் முதலிடம் தந்தது ஓர் உப்பளக் கதைக்கு.
அலை ஒருநாள் கரைக்கு வர மறந்துவிடுகிறது.
மறுநாள் வந்து
இரண்டு நாள் கூலி கேட்கிறது.
அவ்வளவுதான்.
அதைப் படித்த காலை
டாக்யார்டு ரோட்டில் இறங்க மறந்து
கடைசி ஸ்டேஷன்வரை போய்த் திரும்பினேன்.
அரைநாள் சம்பளம் போயிற்று.

நடுவில் சந்திரனை என்ன செய்தான் இந்த ஆள், என்றார் இருதயராஜ்.
வாக்கியமெல்லாம் குட்டை குட்டையாக, என்றாள் தில்லைவாணி.
அவர்கள் முதலிடம் தந்தவற்றை
நான் என்ன சொன்னேன் என்பதை இங்கே எழுதப்போவதில்லை.

கூட்டல் நான்தான் போட்டேன், கணக்குக்காரி ஆயிற்றே.
ஒருவர் முதலில் வைத்தது
மற்ற இருவரின் அடிமட்டத்தில் கிடந்தது.
யாருமே முதலிடம் தராத ஒன்று
மூன்று இரண்டாமிடங்களைக் கையில் வைத்துக்கொண்டு
பந்திக்குக் கடைசியில் வந்து
தலைவாழை இலைமுன் உட்கார்ந்துவிட்டது.
கெட்ட நாவல் இல்லை.
யாரையும் கடிக்காது.
யாரும் அதற்காக
ஒரு ஸ்டேஷனும் தவறவிட்டிருக்க மாட்டார்கள்.

பரிசு, தாராவியில் வார்த்த பித்தளைப் பறக்கும்தட்டு.
குழியில்லாத இட்லித்தட்டு என்று
பின்வரிசையில் சிரித்தார்கள்.
வென்றவர் பன்வேலில் எக்ஸ்ரே எடுப்பவராம்.
இரண்டு கையாலும் வாங்கி
அதில் தெரிந்த தன் முகத்தைப் பார்த்து அழுதார்.
அந்த அழுகைக்கு மதிப்பெண் கேட்டிருந்தால்
மூன்று பேருமே பத்துக்குப் பத்து போட்டிருப்போம்.
என் முறை வந்தது.
தரம் ஒன்றே எங்கள் அளவுகோல், என்றேன்.
மைக் கிறீச்சிட்டது.

இருதயராஜைப் பற்றியும் தில்லைவாணியைப் பற்றியும்
வீட்டில் ஒரு வாரம் பொருமித் தீர்த்தபிறகு
பெட்டியை ஒழித்தேன்.
அடியில் இருந்தது பதினேழாவது.
தடித்த புத்தகம், முதுகில் பசை காய்ந்து வெடித்திருந்தது.
குர்லாவில் கூட்டம் ஏறியபோது மூடியதாக ஞாபகம்.
அறுபத்திரண்டாம் பக்கத்தில் அப்படியே இருந்தது
என் காலாவதியான சீஸன் டிக்கெட்.

மதிப்பெண் தாளில் ஐந்தரை போட்டிருக்கிறேன்.
அந்த அரை எதற்கு என்று தெரியவில்லை.

பக்கத்தை இன்னும் திருப்பவில்லை.
நன்றாக இருந்துவிட்டால்?