மச்சி காணா மாஃபி

சோஹாரிலிருந்து வந்தன
அறுபது ஜிலேபிக் குஞ்சுகள்,
ஆக்சிஜன் ஊதிக் கட்டிய பையில்,
பிக்கப்பின் முன் சீட்டில், ஏசிக்கு நேராக.
நான் பின்னால், தீவன மூட்டைகளோடு.

பர்காவில் கல்ஃபான் வீட்டுக் கொல்லையில்
பேரீச்சைக்கும் ஜெனரேட்டருக்கும் நடுவே
தலை அறுத்த ஆயிரம் லிட்டர் தொட்டி.
லாரித் தண்ணீர் பிடித்து
குளோரின் வாடை போக இரண்டு நாள் ஆறவிட்டிருந்தேன்.
பையை அரைமணி நேரம் மிதக்கவிட்டு
வாயை அவிழ்த்தேன்.
போனதே தெரியவில்லை.
அடி மூலையில் ஒரு கறுப்பு, அவ்வளவுதான்.

தீனி போட்டேன். மிதந்தது.
மிதந்து, ஊறி, உப்பி, பிய்ந்தது.
டீ வடிகட்டியால் அள்ளி வெளியே கொட்டினேன்;
விட்டால் அழுகித் தண்ணீரையே நஞ்சாக்கும்.
சாயங்காலமும் போட்டேன்.
சாயங்காலமும் அள்ளினேன்.
எறும்புகள் கொழுத்தன.

மறுநாள் அர்பாப் வந்து எட்டிப் பார்த்தார்.
"மிக்கேல், மச்சி காணா மாஃபி?"
பாதி இந்தி, பாதி அரபி,
இங்கே எல்லா நாட்டுக்காரனுக்கும் போதுமான மொழி.
அதில் எனக்கு மட்டும் ஒரு மச்சி கூடுதல்.
ஆமாம் மச்சி, சாப்பிடவில்லை.

நாங்கள் குளச்சல்காரர்கள்.
மீனுக்குத் தீனி போட்டவன் எங்கள் வம்சத்திலேயே கிடையாது.
போட்டதெல்லாம் இரை.
இரை என்றால் உள்ளே முள்,
முள்ளுக்குப் பின்னால் நூல்,
நூலுக்குப் பின்னால் நாங்கள்.
அந்தக் கையைத்தான் இவை மோந்துவிட்டனவோ என்று
சோப்புப் போட்டு முழங்கை வரை கழுவினேன்.
கழுவும்போதே சிரிப்பு வந்தது.

மூன்றாம் நாள் தண்ணீர் முப்பத்தாறு டிகிரி.
இரண்டு மிதந்தன, வெள்ளை வயிறு மேலே.
பச்சை நிழல்வலையை இழுத்துக் கட்டினேன்.
காற்றுக்குழாயை இன்னொரு சாண் இறக்கினேன்.
பக்கத்து லாண்டரி மொஃபிசுல் சுவருக்கு மேலே தலைநீட்டிச் சொன்னான்,
அவனுக்கு மைமன்சிங்கில் குளம் இருக்கிறதாம்:
"நிக்காதே. உன் நிழல்தான் அதுக்குக் கொக்கு."

உட்கார்ந்தேன்.
நான்காம் நாள் முழுக்கத் தீனியே போடவில்லை.
ஐந்தாம் நாள் உருண்டைகளைச் சப்பாத்திக் கட்டையால் நுணுக்கி
ஒரு சிட்டிகை, மக்ரிப் பாங்கு முடிந்ததும்.
ஆறாம் நாளும் அதே சிட்டிகை, அதே பாங்கு.
போன் வந்தது.

பெல்சிட்டா.
வட்டி, கூரையில் ஒழுக்கு, மறுபடி வட்டி.
நானும் குரலை உயர்த்தினேன்.
கையில் தீனி இருப்பதே மறந்துபோயிற்று,
பேசப் பேச விரலிடுக்கில் உதிர்ந்துகொண்டிருந்தது.
அப்போது கேட்டது,
டொப்.
நகத்தால் தண்ணீரைச் சுண்டியதுபோல.

ஒன்று மேலே வந்து விழுங்கியது.
துப்பியது.
அதையே மறுபடி விழுங்கியது.
இன்னொரு டொப். அப்புறம் எண்ண முடியவில்லை,
மூலையின் கறுப்பு பிரிந்து பிரிந்து மேலே ஏறியது.
"கொஞ்சம் வையி" என்று போனை வைத்துவிட்டேன்.

இன்னொரு சிட்டிகை எடுத்தேன்.
பழக்கதோஷம், கட்டைவிரலால் நசுக்கிப் பார்த்தேன்.
முள் இல்லை.
ஆறு மாதம், முக்கால் கிலோ,
அப்புறம் வலை, அப்புறம் வெள்ளிக்கிழமை விருந்து.
கணக்கெல்லாம் அர்பாபின் டைரியில் இருக்கிறது.
மீன்களிடம் அதை எந்த மொழியில் சொல்வது?
தூவினேன்.

திரும்ப போன்.
"அங்க யாரு இருக்கா? ஏன் வச்சிட்டீங்க?"
ஐம்பத்தெட்டு பேர், என்றேன்.
சத்தம் போடாதே.
சாப்பிடுகிறார்கள்.