கண்டறிய இயலவில்லை

ஆறு மாதத்துக்கு ஒரு தாள், அதில் ஒரே வரி:
வைரஸ் அளவு கண்டறிய இயலவில்லை.
அம்மா அதை நான்காய் மடித்து
மின்கட்டண ரசீதுகளுக்குள் சொருகிவிடுவாள்.
பைபிள் என்றால் எங்கள் வீட்டில் பலரும் புரட்டுவார்கள்.

அத்தனை தாளும் உண்மை.
அத்தனை தாளுக்கும் அடியில்
அது இருக்கிறது.

பிரான்சிஸ்டவுன் மருத்துவமனையின் பின்புறம்
கப்பல் பெட்டியில் சன்னல் வெட்டி
ஆய்வகம் ஆக்கியிருக்கிறார்கள்.
பத்துக் குழாய் எடுத்தாள் நர்ஸ் மலெபோகோ.
ஏழாவதில் எண்ணுவதை விட்டுவிட்டு
கார்கள் நிறுத்துமிடத்தில்
ஒரு கழுதை யாருக்கோ காத்திருப்பதைப் பார்த்தேன்.

"இல்லாததையா தேடுறீங்க?" என்றேன்.
ஆய்வகத்து ஒஃபென்ட்ஸே சிரிக்கவில்லை.
"தூங்குறதை."

பத்து லட்சம் செல்லில் ஒரு கைப்பிடி இருக்குமாம்.
செல்லின் சொந்த எழுத்துக்கு நடுவே
தன் வரியைச் செருகிவிட்டு
பக்கத்தை மூடிக்கொண்டு படுத்துவிடுமாம்.
மாத்திரை ஓடுவதைத்தான் பிடிக்கும்.
படுத்திருப்பதன் முகத்தில்
எந்த மாத்திரையும் தண்ணீர் தெளிப்பதில்லை.

பெரியவர்களுக்குப் பெரும்பாலும் நினைவுச் செல்களில்:
என்றோ வந்த அம்மையை, காய்ச்சலை
மறக்காமல் வைத்திருப்பவை.
பிறக்கும்போதே வாங்கிக்கொண்ட எங்களுக்கு
வேறு அறையிலும் தேட வேண்டும் என்றான்.
இன்னும் எதையும் சந்திக்காத செல்கள்,
ஒரு சண்டைகூடப் போடாதவை,
பழகாதவை.
"பதினேழு வயசில் எனக்குள்ளே
பழகாதது ஏதாவது மிச்சம் இருக்கா?"
அவன் இருமிக்கொண்டு
குழாய்களில் எண் ஒட்டினான்.

ஒளிவது எப்படி என்று என்னைக் கேட்டிருக்கலாம்.
மகலாப்யே விடுதியில்
தலைமுடிக் களிம்பு டப்பாவைக் கழுவி
முப்பது மாத்திரை, நடுவில் பஞ்சு,
குலுக்கினாலும் சத்தம் வராது.
கேட்டவர்களுக்கு ஆஸ்துமா.
பதினோரு வயதுவரை எனக்கே அது வைட்டமின்;
அம்மா சொன்னது.
அம்மாவிடம் சொல்லாமல் விட்டவர்
சுவரில் சட்டமிட்டுத் தொங்குகிறார்,
டை கட்டிக்கொண்டு.

ஏழு வாரம் கழித்துப் போனபோது
திரையில் புள்ளிகள், புள்ளிகள்,
மேகம் மேகமாய், ஒவ்வொன்றும் ஒரு செல்.
"என்னோடதா?"
"யாரோடதுன்னு எனக்கும் தெரியாது. எண் மட்டும்தான்.
தெரிஞ்சாலும் சொல்லக்கூடாது."
சரி என்றேன்.
ஆனால் அடுத்த பக்கத்தில்
சின்னச் சின்னக் குழிகள் வரிசை வரிசையாய் இருட்டாக,
மூன்று மட்டும் ஒளிர்ந்தன.
இரண்டின் கீழே பழகாதவை என்று எழுதியிருந்தது.
அவன் பேனா அங்கே நின்று
பிறகு நகர்ந்தது.

எனக்குக் கோபம் வரவில்லை.
என்னவோ, அதைப் பார்த்தபோது
இரவு வகுப்பில் டார்ச்சோடு பிடிபட்ட
கீழ்வகுப்புப் பெண்ணின் முகம் நினைவுக்கு வந்தது.

டொனோட்டா போகும் கோம்பியில் நெரிசல்.
மடியில் மோபேன் புழு மூட்டையோடு
பக்கத்தில் ஒருத்தி.
தொலைபேசி அதிர்ந்தது.
டப்பாவைத் திறந்து
தண்ணீரில்லாமல் விழுங்கினேன், முதல்முறையாக
முகத்தைத் திருப்பாமல்.
என்ன அது என்று
அவள் புருவம் கேட்டது.

ஆஸ்துமா, நாக்கு நுனிவரை வந்தது.
"ஆறரை ஆயிடுச்சு" என்றேன்.

அவள் மணிக்கட்டைத் தூக்கிப் பார்த்து
தன் கடிகாரத்தைத்
திருத்தி வைத்துக்கொண்டாள்.