கழிமுகம்

மூன்று நாள் மழைக்குப் பிறகு
கிராஞ்சி அணையின் கதவைத் திறந்துவிட்டார்கள்.
இரவு இரண்டே கால்.
ஜுனைடி விசைப்பொறியை நிறுத்துகிறார்.
யாரும் செலுத்தாமலே படகு
தண்ணீரில் ஒரு வரப்பின் மேல் போய் நிற்கிறது.

விளக்கடியில் இந்தப் பக்கம் தேநீர் நிறம்,
அந்தப் பக்கம் கரும்பச்சை.
நடுவே நுரை, கண்டல் இலை,
பாதி நீர் குடித்து மிதக்கும் சோயாபால் போத்தல்.
எதிர்க்கரையில் ஜொகூரின் விளக்குகள்
இரண்டு நீரிலும் ஒரே மாதிரிதான் நடுங்குகின்றன.

அளவுமானியைக் கயிற்றில் இறக்குகிறேன்.
உப்பு இரண்டு.
ஒரு முழம் கீழே ஏழு.
இன்னும் இறக்க, இருபத்து நான்கு.
மேலே வழுக்கிப் போகிறது மழைநீர்.
அடியில் கடல்
ஆப்பு வைக்கிறது, சத்தமில்லாமல்.

நான் தேடி வந்தவை
கடுகை நூறாய் உடைத்தால் வரும் அளவு.
ஆற்றில் இருந்தவரை
ஒன்றையொன்று அண்டவிடா.
எல்லாவற்றுக்கும் ஒரே மின்னேற்றம், ஒரே வீம்பு.
லிஃப்டில் ஏறியதும்
ஆளுக்கொரு மூலையில் கைபேசிக்குள் குனியும்
என் புளோக்காரர்களைப் போல
இடைவெளி காத்தே இவ்வளவு தூரம் வந்திருக்கின்றன.

உப்பு பட்டதும் வீம்பு அடங்குகிறது.
உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பது நமக்கு.
இவை உப்பிட்ட கணமே
தாம் வாளியா வலையா பல்துலக்கியா என்பதை
மறந்துவிடுகின்றன.
களிமண் வந்து ஒட்டுகிறது,
பாசி தன் வழவழப்பைக் கொஞ்சம் தடவுகிறது,
பாலில் எலுமிச்சை பிழிந்தாற்போல்
திரிந்து, திரண்டு, கனத்து
ஒரு மந்தமான மழையாய்
தண்ணீருக்குள்ளேயே பெய்கின்றன.

எல்லாம் இல்லை.
மீன்பண்ணையிலிருந்து பிய்ந்த நுரைத்தக்கைத் துணுக்கு
யார் உப்புக்கும் அசையாது.
ஓதம் ஏறினால் உள்ளே, வற்றினால் வெளியே,
கடப்பிதழ் கேட்பாரின்றி
ஒரே நாளில் இரண்டு முறை போய்வருகிறது.

வெள்ளிக்கிழமை. நுண்ணோக்கி.
ஒரு போத்தலைப் படகில் வெறுமனே திறந்து வைத்து,
ஆற்று நீர் ஒரு சொட்டும் பிடிக்காமல் மூடுவோம்.
வெற்றுப் போத்தல்.
அதில் ஒன்றும் இருக்கக் கூடாது.
இருந்தன, எட்டு இழைகள்.
ஐந்து ஆரஞ்சு: என் உயிர்காப்புச் சட்டை.
மூன்று பச்சை: அதற்குள்ளிருந்த நான்,
பாசார் மாலாமில் பத்து வெள்ளிக்கு வாங்கிய நான்.

"அதைக் கழித்துவிடு" என்றார் ஷுவே வென்,
பொட்டலத்திலிருந்து பிஸ்கட் எடுத்துக்கொண்டே.
வந்தது அறுபத்தொன்று. கழித்தால் ஐம்பத்து மூன்று.
கழி என்றால் குறை,
கழி என்றால் கடலும் ஆறும் கலக்கும் இந்த உப்பங்கழி,
கழித்ததெல்லாம் கழிவு.
தனியாகச் சிரித்தேன். ஏன் என்று கேட்டார்.
ஆங்கிலத்தில் அது சிரிப்பாக வரவில்லை.

அட்டவணையில் அந்த எட்டுக்கு இடமில்லை.
ஆற்றில் இருக்கும்.
போன வாரமும் அந்தச் சட்டையோடுதான் போனேன்,
அதற்கு முந்தைய வாரமும்.
துவைத்து, ஜன்னலுக்கு வெளியே மூங்கில் கழியில் மாட்டி,
பதினோராம் மாடியிலிருந்து சொட்டவிட்டிருக்கிறேன்.

அடுத்த முறை பருத்தி மட்டும் அணிக என்று மின்னஞ்சல்.
அலமாரியைக் கவிழ்த்துப் போட்டதில்
முழுப் பருத்தி என்று தேறியது
ஒரு நைட்டிதான்,
நீலப்பூ போட்டது, ஒரு பொத்தான் குறைந்தது.

இரவு ஒன்றரை. படகுத்துறை.
நைட்டி, அடியில் ரப்பர் பூட்ஸ்.
ஜுனைடி ஒருமுறை பார்த்தார்.
பிறகு வானிலையைப் பற்றிப் பேசினார்.
பேசிக்கொண்டே, விதிப்படி,
ஆரஞ்சுச் சட்டையை எடுத்து நீட்டினார்.
மாட்டிக்கொண்டு
வாரை இறுக்கினேன்.
விளக்கொளியில் அதிலிருந்து ஏதோ பறந்தது.
கொசுவாகவும் இருக்கலாம்.