மூன்றாம் எண்

துறைமுகத்துப் படிவத்தில்
'பொருள்' என்ற இடத்தில்
உதிரிபாகங்கள் என்று எழுதினார் தீனதயாளன்.
'எதற்கு' என்ற கட்டத்தை வெறுமையாக விட்டார்.
மூன்று மரப்பெட்டிகள்.
தொங்காட்டில் எங்கள் கார்
அன்றிலிருந்து மழையில் நிற்கிறது.

சர்க்கரை ஆலையில் அவர் ஃபிட்டர்.
நான் நகராட்சியில் தண்ணீர் பில் பார்ப்பவள்;
எண் என்று ஒன்றைக் கண்டால் சும்மா விடமாட்டேன்.
இந்த ரகத்தின் விபத்துப் பட்டியலை
அவர் எனக்குக் காட்டவில்லை.
இழுப்பறையில், ரிவெட் பொட்டலங்களுக்கு அடியிலிருந்து
நானே எடுத்தேன்.

உலகத்தில் பறப்பவை நானூற்றுப் பன்னிரண்டு.
விழுந்தவை பத்தொன்பது.
இறந்தவர்கள் பதினொருவர், அதில் ஒருவர்
சும்மா சுற்றிப்பார்க்க ஏறியவர்.
எத்தனை முறை பறந்து, எத்தனை முறை
இறங்கி டீ குடித்தார்கள்
என்பதற்குப் பத்தியே இல்லை.
வகுக்க வேண்டிய எண் இல்லாமல்
இது என்ன கணக்கு என்றேன்.
"இறங்கியதை யார் எழுதுவாங்க, கனகா?"

ஏழாம் எண்: எரிபொருள் தீர்ந்தது.
இரண்டு கிலோமீட்டரில் பெட்ரோல் நிலையம் இருந்ததாம்.
பதினாலாம் எண்: டேங்க்கின் மூச்சுக்குழாயில் குளவிக் கூடு.
குளவி கட்டினால் வீட்டில் தொட்டில் ஆடும்
என்பார்கள் நம்மவர்.
நான் மறுநாளே ஒரு கம்பியை வளைத்து
குழாய் குழாயாகக் குத்திவிட்டு வந்தேன்.
பதினேழாம் எண்: காரணம் தெரியவில்லை.
அதை இரண்டு தடவை படித்தேன்.

ஆறு ஆண்டுச் சனி ஞாயிறுகள்.
வாலுக்குள் என் உடம்புதான் நுழையும்.
உள்ளே நான் இரும்புக் கட்டியை
ஆணி முனையில் அழுத்திப் பிடிக்க
வெளியே அவர் அடிப்பார்.
முகம் தெரியாது.
ஒரு தட்டு: தயார்.
இரண்டு தட்டு: சரி.
மூன்று: கெட்டது, துளைத்து எடு.
கல்யாணமான நாளிலிருந்து இவ்வளவு தெளிவாக
நாங்கள் பேசிக்கொண்டதில்லை.

ஒருநாள் கை வழுக்கியது, ஆணி சாய்ந்தது.
பசி வேறு.
இரண்டு தட்டினேன்.
ஒன்பது நாள் அந்த ஆணி
என் காதுக்குள் இருந்தது.
பத்தாம் நாள் சோற்றைப் பாதியில் வைத்துவிட்டு
டார்ச்சோடு போனோம்.
அவர் திட்டவில்லை. துளைத்தெடுத்ததைக்
கையில் கொடுத்தார். சூடாக இருந்தது.

மூன்றாம் எண்தான் என்னால் தாண்ட முடியாதது.
அதே மாதிரி ஐந்தும், எட்டும், பன்னிரண்டும்:
கிளம்பிய உடனே என்ஜின் நின்றது.
உயரம் போதாது.
ஓட்டியவர் ஓடுதளத்துக்குத் திரும்ப முயன்றார்.
எதிரே சமவெளி இருந்தது என்று எழுதியிருக்கிறார்கள்.
இருந்தும் திரும்பினார்கள்.
வீடு பின்னால் இருக்கிறது,
என்ன செய்வார்கள்.

கரும்புக்கு நடுவே புல் ஓடுதளம்.
மேற்கே யாரோ தோட்டம் எரித்திருந்தார்கள்;
அவர் வெள்ளைச் சட்டையில் கரித்துகள்.
இன்ஸ்பெக்டர் ஃபான் வேக் கையெழுத்துப் போட்டுவிட்டு
கவலையா என்று கேட்டார்.
குளவி என்றேன். அவருக்குப் புரியவில்லை.

தமிழில் யாரும் போகிறேன் என்று சொல்வதில்லை.
பாதித் தமிழ் மறந்துபோன எங்கள் தெருவில்கூட
அது மட்டும் மிச்சம் இருக்கிறது:
போயிட்டு வரேன்.
அவரும் அதைத்தான் சொன்னார்,
வாரைப் பூட்டியபடி.
போயிட்டு வாங்க என்பதில்
வாங்க-வை விழுங்கினேன்.
"நின்னுட்டா நேரே போங்க.
என்னைப் பார்க்கத் திரும்பாதீங்க.
கரும்பு வாங்கிக்கும்."
அவர் கைநீட்டி
தகட்டில் இரண்டு தட்டினார்.

இருபத்திரண்டு நிமிஷம்.
என்ன செய்தேன் என்று நினைவில்லை;
ஃபிளாஸ்க் மூடி நசுங்கியிருந்தது.
தரை தொட்டபோது இரண்டு துள்ளல்,
மூன்றாவதில் நின்றது.
வந்ததும் டீ கேட்டார்.

பதிவேட்டில் நான்தான் எழுதினேன்:
இறங்கியது, 9.47.
பிறகு கம்பியை எடுத்துக்கொண்டு
மூச்சுக்குழாய் பக்கம் போனேன்.