அதன் வலம்

பெட்டிக்குள் எல்லாம் முடிந்தே வந்திருந்தது.
இறக்கையை உடம்பில் செருகி நாலு திருகு, அவ்வளவுதான்.
கையெழுத்து வாங்கிக்கொண்டே கூரியர் பையன் கேட்டான்:
"மோனுக்கா அக்கா?"
எனக்காக்கும் என்றேன்.
பெட்டியை ஒருதரம் பார்த்தான்,
என்னை ஒருதரம்.

பதினோராயிரத்து நானூறு.
கம்மல் மாற்றலாம் என்று போட்ட சீட்டை
தள்ளி எடுத்தது.
பழைய கம்மலோடும் காது நன்றாகத்தான் கேட்கிறது.

தீப்பிடிக்காத பாத்திரத்தில் வைத்து
பேட்டரியைச் சார்ஜ் செய்யவும் என்றது கையேடு.
மீன்சட்டியைவிடத் தீயைப் பார்த்த பாத்திரம்
என் வீட்டில் வேறில்லை.
அயலை வாசமடிக்கும் விமானம்
இந்த ஜில்லாவில் இது ஒன்றாகத்தான் இருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை வெயில் தாழ்ந்ததும்
ஸ்கூட்டரின் கால்வைக்கும் இடத்தில் அதைச் சாய்த்து
புத்தளம் உப்பளத்துக்குப் போவேன்.
டென்னிசன் சார் முன்பே வந்திருப்பார்.
பாலிடெக்னிக் வாத்தியார்,
பால்சா கட்டையை பிளேடால் சீவிச் சீவி
ஆறு மாதம் ஒட்டி ஒரு விமானம் செய்கிறவர்.
"ரெடிமேடா?" என்றார்,
பாக்கெட் மாவில் சுட்ட தோசையைப் பார்ப்பது போல.

ஆமா சார், ரெடிமேடு.
வந்த ஸ்கூட்டரும் ரெடிமேடு.
ஆரல்வாய்மொழிச் சந்தில் நெரிபட்டு
இவ்வளவு தூரம் வருகிற காற்று
நீங்கள் சீவி ஒட்டியதா?
(இதையெல்லாம் சொல்லவில்லை.
பாதி வழி திரும்பிய பிறகுதான் தோன்றியது.)

பணம் பார்த்து வாங்கிய இரண்டாவது பேட்டரி
எடை குறைவு. வால் கனத்துப்போயிற்று.
வீசினால் நேரே மேலே பார்த்து ஒரு கணம் நின்று
மயங்கி விழும்.
ஸ்கேன் சென்டர் மேசை அறைக்குள்
முனை உடைந்த ஈய எழுத்தொன்று கிடந்தது,
எக்ஸ்ரேயில் இடப்பக்கம் குறிக்கிற 'எல்'.
எட்டு கிராம்.
மூக்குக்குள் ஒட்டினேன்.
இறக்கைக்கடியில் இரண்டு விரல் கொடுத்துத் தூக்கினால்
இப்போது பேசாமல் நிற்கிறது.

போகும்போது எளிது என்பார்கள்.
உன்னைப் பார்த்துத் திரும்பும்போதுதான் சங்கதி:
அதன் வலம் உன் இடமாகிவிடும்,
கை பதறும், எதிர்ப்பக்கம் ஒடிக்கும்.
சாரின் மஞ்சள் விமானம்
பாத்தி வரப்பில் மூக்கை நட்டது அப்படித்தான்.
அன்று அவரோடு சேர்ந்து நானும்
உப்புச்சேற்றில் குச்சி பொறுக்கினேன்.

எனக்கு அந்தப் பதற்றமில்லை.
பத்தொன்பது வருடமாக,
மூச்சை இழுங்க, பிடிங்க, விடுங்க என்று
ஆட்களை நிறுத்திப் படமெடுக்கிறேன்.
படத்தில் எல்லாரும் என்னைப் பார்த்தே நிற்கிறார்கள்.
இதயம் என் வலப்பக்கம் சாய்ந்திருக்கும்.
அது அவர்களுடைய இடம்.
கேட்காமலே கைக்குத் தெரியும்.

போன ஞாயிறு மட்டும்
கொஞ்சம் ஆசை.
மணக்குடிப் பொழிப் பக்கம்
கொக்குகள் எழுந்த திசையில் விட்டுவிட்டேன்.
சூரியனுக்கு முன்னால் போனதும்
நிறம் போயிற்று. சிவப்பு மூக்கு போயிற்று.
ஒரு கறுப்புக் கோடு,
நடுவில் ஒரு புள்ளி.
வருகிறதா போகிறதா,
தெரியவில்லை.

மருத்துவாழ்மலை முதுகுக்குப் பின்னால்.
சார் பக்கத்தில் வந்து நின்றார், ஒன்றும் சொல்லவில்லை.
ஆறாவது நிமிடத்துக்கு ரிமோட் கத்தியது.
இன்னும் இரண்டு நிமிடம் இருக்கும்,
அதற்கப்புறம் கடல்.

குச்சியை வலப்பக்கம்
ஒரு நெல் அளவு தள்ளினேன்.
மூச்சை இழுத்துப் பிடித்தேன்.

கோட்டின் ஒரு முனை தாழ்ந்தது,
என் இடப்பக்கம்.

வருகிறது.
விடுங்க.